உங்களுக்குத் தெரியுமா? போனுக்குத்தான் எத்தனை வேஷம்!

● கல்பாக்கம் அணுமின் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர் கையில் லட்ச ரூபாய் போன் இருந்தாலும் அதன் மதிப்பு வாசல் வரைக்கும்தான். கேமரா போனுக்கு உள்ளே இடமில்லை. இப்படிப்பட்ட இடங்கள் உலகம் முழுக்க இருப்பதால் ஒரு விசித்திர ரகமே பிறந்தது: கேமரா இல்லாத உயர்ரக போன். நோக்கியா தன் இ51 மாடலைக் கேமராவோடு ஒன்று, கேமரா இல்லாமல் ஒன்று என்று இரண்டு விதமாக விற்றது. சிங்கப்பூரில் ராணுவ முகாம்களுக்குள் கேமரா போன் கூடாது என்றிருந்த காலத்தில், கட்டாய ராணுவ சேவைக்குப் போகும் பையன்களுக்காக ஐபோனைப் பிரித்து, கேமராவை எடுத்துவிட்டு விற்றார்கள். அங்குள்ள நம் தமிழ்ப் பையன்களும் இதில் சேர்த்திதான். இருக்கிற ஒன்றைப் பிடுங்குவதற்குத் தனியாகக் காசு கொடுப்பதா என்று இங்கே ஒரு அப்பா கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

● போனுக்குச் சட்டை மாற்றும் ஆசையைப் பெரிய அளவில் கிளப்பிவிட்டது நோக்கியா 5110. ஆண்டு 1998. முன்மூடியைக் கழற்றி வேறு நிறத்தில் மாட்டிக்கொள்ளலாம். 2000இல் வந்த 3310இல் முன்னும் பின்னும் மாற்றலாம். சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் தோரணம் மாதிரி மூடிகள் தொங்கிய காலம் அது. மாற்றியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: முன்மூடியை நகத்தால் நெம்பும்போது பட்டன் ரப்பர் தனியாகக் கழன்று மடியில் விழும். அதைத் திரும்ப உட்கார வைப்பதற்குள் பேருந்தில் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விடும்.

● உலகில் அதிகம் விற்ற போன் எது? ஐபோன் என்று நினைத்தால் தவறு. நோக்கியா 1100. 2003இல் வந்து, 25 கோடிக்கு மேல் விற்றது. நோக்கியா விற்ற நூறு கோடியாவது போனும் இந்த 1100தான். 2005இல் நைஜீரியாவில் விற்பனையானது. அதில் கேமரா கிடையாது, இன்டர்நெட் கிடையாது, கலர் திரைகூடக் கிடையாது. பட்டன்களுக்கு நடுவே தூசி புகாதபடி ஒரே துண்டாக ரப்பர் விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத சொரசொரப்பான பக்கங்கள், உச்சியில் ஒரு டார்ச். மின்வெட்டும் புழுதியும் வியர்வையும் உள்ள நாடுகளை மனதில் வைத்து வரைந்தவை இவை மூன்றும். நள்ளிரவில் கரண்ட் போனால் அந்த டார்ச்சோடு கொல்லைப்புறம் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

● உருவத்தில் விளையாடிப் பார்த்த காலமும் உண்டு. நோக்கியா 3650இல் எண்களைப் பழைய டயல் போன் மாதிரி வட்டமாக அடுக்கினார்கள். எண்ணைத் தேடித் தேடி அழுத்த வேண்டியிருந்தது. அடுத்து வந்த 3660இல் சத்தமில்லாமல் பழைய வரிசைக்கே திரும்பிவிட்டார்கள். 2003இன் 7600, கண்ணீர்த்துளி வடிவம். 2004இன் 7280, லிப்ஸ்டிக் டப்பா அளவு; எண் பட்டனே கிடையாது, ஒரு சக்கரத்தைச் சுழற்றித்தான் டயல் செய்ய வேண்டும். இவை எல்லாவற்றையும் மிஞ்சியது 2003இன் என்-கேஜ். விளையாட்டுக்கென்றே செய்த போன். ஒரு கேமை எடுத்து வேறு கேம் போட வேண்டுமானால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேச வேண்டுமானால் போனின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஆள் பிரெட் துண்டைக் காதில் செருகியிருப்பது போல இருக்கும். மறுவருஷமே இரண்டையும் திருத்தி இன்னொரு மாடல் விட்டார்கள். அதற்குள் சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

● கேமரா கெட்டால் கேமராவை மட்டும், பேட்டரி கெட்டால் பேட்டரியை மட்டும் பிடுங்கி மாற்றுகிற போன் வந்தால் எப்படி இருக்கும்? 2013இல் நெதர்லாந்து இளைஞர் டேவ் ஹக்கன்ஸ், ‘போன்பிளாக்ஸ்’ என்ற பெயரில் இந்த யோசனையை ஒரு சின்ன வீடியோவாக விட்டார். குழந்தைகள் விளையாடும் கட்டைகளை அடுக்குவது போல ஒரு போன். உலகமே பார்த்தது. அடுத்த மாதமே மோட்டோரோலா ‘ப்ராஜெக்ட் ஆரா’வை அறிவித்தது, அப்போது மோட்டோரோலா கூகுளின் கையில் இருந்தது. பிறகு அதை லெனோவாவுக்கு விற்றபோதும் இந்தத் திட்டத்தை மட்டும் கூகுள் விடாமல் வைத்துக்கொண்டது. மூன்று ஆண்டு கழித்து, 2016 செப்டம்பரில், கடைக்கு வராமலே திட்டத்தை மூடிவிட்டார்கள்.

இந்த யோசனை அப்போது புதிதும் அல்ல. 2008லேயே இஸ்ரேலின் மோடு நிறுவனம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு குட்டி போனைச் செய்தது. அதை வெவ்வேறு ‘சட்டை’களுக்குள் செருகினால் வெவ்வேறு கருவியாகிவிடும். உலகின் மிக எடை குறைந்த போன் என்று கின்னஸில் இடம் பிடித்தது. 2011இல் நிறுவனம் மூடியது. அதன் காப்புரிமைகளை வாங்கியது யார் தெரியுமா? அதே கூகுள்.

2016இல் எல்ஜி ஜி5இன் அடிப்பாகத்தைப் பிடித்து இழுத்தால் பேட்டரியோடு கையில் வந்துவிடும். அந்த இடத்தில் கேமராப் பிடி ஒன்றை மாட்டலாம். மறுவருஷத்து ஜி6இல் அந்த ஏற்பாடே இல்லை. 2021இல் எல்ஜி போன் தொழிலையே விட்டது.

ஏன் எல்லாம் தோற்றன? ஒவ்வொரு துண்டும் தனியாகக் கழல வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடு, ஒரு இணைப்பு, ஒரு பிடிப்பு வேண்டும். போன் தடிக்கும், விலை ஏறும், இணைப்புகளில் அழுக்கு சேரும். என் கணிப்பு இன்னொன்று: போனைத் தினம் தினம் மாற்றி அடுக்கும் ஆசை யாருக்கும் இல்லை. கெட்டுப்போனால் ரிப்பேர் செய்ய முடிந்தால் போதும் என்பதே ஆசை. அதைப் புரிந்துகொண்ட ஒரே நிறுவனமாக எனக்குத் தெரிவது, நெதர்லாந்தின் ஃபேர்போன். 2015இல் வந்த ஃபேர்போன் 2இன் திரையை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வெறுங்கையால் கழற்றலாம். அந்த நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

● நம் செங்கல்பட்டு மாவட்டம் ஐபோனின் ஊர் என்பது உங்களுக்குத் தெரியுமா? பரனூர் மகேந்திரா சிட்டியில் 2022இல் திறந்த ஆலையில் ஐபோன் 14இலிருந்து தயாராகிறது. பெகாட்ரான் நடத்திய அந்த ஆலையின் பெரும்பங்கு 2025இல் டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைக்குப் போனது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்து 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் அந்தக் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நின்ற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்!

இரண்டு காலத்துக்கும் ஒரு வித்தியாசம். அன்றைய போனின் முதுகைக் கட்டைவிரலால் திறக்கலாம். இன்றைய ஐபோனின் அடியில் உள்ள இரண்டு குட்டி ஸ்க்ரூக்களின் தலையை உற்றுப் பாருங்கள்: பூப்போல ஐந்து இதழ். வீட்டில் இருக்கும் எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் உட்காராது.

● எஸ்.எம்.எஸ். ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்து எழுதலாம். தமிழில் 70தான். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். அதோடு முடியவில்லை. ‘நாளைக்கு’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. போனுக்கு எட்டு! காலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. குறுஞ்செய்திக்குக் காசு வாங்கிய நாளில் தமிழில் நலம் விசாரித்தால் இரண்டு எஸ்.எம்.எஸ். காசு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் நம் விரலில் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முட்டுக்கட்டைக்கு நடுவேதான் மலேசியாவின் முத்து நெடுமாறன் பட்டன் போனில் தமிழை எழுத ‘செல்லினம்’ செய்தார். 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் அது வெளியானது. 1985லேயே கணினிக்கு ‘முரசு’ மென்பொருளைச் செய்தவர் அவர். தொழிற்சாலையில் பூசுகிற நிறத்தைவிட, நம் மொழியை எழுதவைத்த இந்த மாற்றம்தான் நம் போன்களுக்குக் கிடைத்த பெரிய அலங்காரம் என்பேன். பிற்பாடு அரசும் விழித்துக்கொண்டது: இந்தியாவில் விற்கும் போன்கள் 22 அட்டவணை மொழிகளையும் திரையில் காட்ட வேண்டும் என்று தரம் வகுத்துவிட்டது.

● பட்டன் போனில் 5ஆம் எண்ணைத் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன மேடு தட்டுப்படும். பார்வையில்லாதவர் அதை வைத்து மற்ற எண்களைக் கண்டுபிடிப்பார். வழவழப்பான தொடுதிரையில் என்ன செய்வது? கூகுளில் பணியாற்றிய டி.வி. ராமன் இதற்கு வைத்த தீர்வு அபாரம். புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் பார்வையை இழந்தவர். அவர் சொன்னார்: திரையில் 5 எங்கே என்று விரல் தேட வேண்டாம்; விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுதான் 5. அங்கிருந்து மேலே இடது பக்கமாக நகர்த்தினால் 1, நேர் கீழே நகர்த்தினால் 8. எண்கள் விரலைத் தேடி வந்துவிட்டன! 2009 வாக்கில் முதல் ஆண்ட்ராய்டு போன்களில் இதைச் செய்துகாட்டினார்கள்.

● அதே 5ஆம் எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2016இல் வந்த மத்திய அரசு விதிப்படி, பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை அடுத்தடுத்து அழுத்த வேண்டும். போனின் வடிவமைப்பில் சட்டம் கைவைத்த அபூர்வமான இடம் இது. பேரனிடம் போனை விளையாடக் கொடுக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

● இரண்டு சிம் போன் 2000லேயே பின்லாந்தில் வந்துவிட்டது. பெயர் பெனிஃபான் ட்வின். நம் ஊருக்கு அந்த வசதி வருவதற்கு முன் நம் ஆட்கள் சும்மா இருந்தார்களா? இரண்டு சிம் கார்டுகளின் பிளாஸ்டிக்கைக் கத்தரியால் நறுக்கி, சில்லுகளை மட்டும் ஓர் அட்டைத் தகட்டில் உட்கார வைத்து, ஒற்றைச் சிம் போனுக்குள் சொருகினார்கள். கத்தரி ஒரு நூல் தவறினால் சிம் காலி. நோக்கியா இரட்டைச் சிம் போனோடு வந்து சேர்ந்தபோது வருஷம் 2010. அதற்குள் மைக்ரோமேக்ஸ் மாதிரி கம்பெனிகள் சந்தையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டன. அந்த மைக்ரோமேக்ஸ் 2008இல் பேர் வாங்கியது எதனால் தெரியுமா? ஒரு தடவை சார்ஜ் போட்டால் 30 நாள் தாங்கும் என்று சொல்லி விற்ற ‘எக்ஸ்1ஐ’ என்ற போனால். கரண்டே ஒழுங்காக வராத ஊர்களைப் பார்த்துச் செய்தது.

● வெயிலில் காயவைத்தால் சார்ஜ் ஏறும் போன் இந்தியாவில் 2009லேயே விற்றது. சாம்சங் சோலார் குரு. முதுகில் சூரியத் தகடு. ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் ஐந்து முதல் பத்து நிமிஷம் பேசலாம் என்றார்கள். கத்திரி வெயிலில் கல்பாக்கம் மொட்டை மாடியில் வடகத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம் காயவைத்தால் போனில் சார்ஜ் ஏறுமா, பேட்டரி வேகுமா என்பது வேறு விஷயம்.

● ஒரு போன், ஐந்து போன்புக்! 2007இல் வந்த நோக்கியா 1200இல் இந்த வசதி உண்டு. ஒரே போனை வீட்டில் எல்லோரும், சில ஊர்களில் தெருவே பங்கு போட்டுப் பேசுவதைப் பார்த்துச் செய்தார்கள். யார் எவ்வளவு பேசினார் என்று கணக்கும் வைக்கலாம். அதற்கும் முன்பே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் முன்னின்று செய்த ‘சிம்ப்யூட்டர்’ கைக்கருவியில், ஒரே கருவியை ஊரே பயன்படுத்த ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு என்ற யோசனை இருந்தது. 2004இல் கடைக்கு வந்த அமிடா சிம்ப்யூட்டரைக் கையில் அசைத்தால் பக்கம் புரளும். ஐபோன் பிறக்க அப்போது இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

● எங்கள் பாட்டியின் பட்டன் போனில் பச்சைப் பட்டன் மேல் ஒரு பொட்டு நெயில் பாலிஷ், சிவப்பு. ‘பச்சையில் சிவப்பா?’ என்று கேட்டால், ‘எனக்குப் பச்சையும் தெரியல செவப்பும் தெரியல, தொட்டா மேடா இருக்குதில்ல, அதான்’ என்பாள். எண் 2ஐ அழுத்திப் பிடித்தால் பெரிய மாமா, 3 என்றால் சின்ன மாமா, 4 என்றால் திருக்கழுக்குன்றத்து அத்தை. என் எண் 7. அதை அழுத்த மாட்டாள். மிஸ்டு கால் கொடுத்தால் நான் கூப்பிடுவேன் என்று தெரியும்.

● ஆயுத பூஜையன்று போனுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிற நாடு இது. கண்ணாடி மாதிரி தெரியும் பவுச்சுக்குள் பத்து ரூபாய் நோட்டு, சாமி படம், மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, டவுன் பஸ் டிக்கெட். போன் கம்பெனிக்காரன் பர்ஸையும் சேர்த்து வரைந்திருக்கலாம். வரையவில்லை, நாமே செய்துகொண்டோம்.

● சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று செய்த ‘பார்ஓஎஸ்’ என்ற போன் மென்பொருளை 2023 ஜனவரியில் மத்திய அமைச்சர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அதன் விசேஷம், இல்லாததுதான்: நாம் கேட்காமல் திணிக்கப்பட்ட ஒரு ஆப்கூட அதில் கிடையாது.

● கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கடலில் போன் சிக்னல் கிடைக்காது. சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்தும் மெய்யூர்குப்பத்திலிருந்தும் கிளம்பும் ஃபைபர் போட்டில் இருப்பவருக்கு அதற்குப் பிறகு போன் வெறும் கடிகாரம். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் விலை நமக்குத் தெரியும். 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற சின்னப் பெட்டி வந்தது. போனையே மாற்றாமல், போனுக்கு ஒரு காது ஒட்டவைத்த மாதிரி. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல், அலை எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் பெட்டி வாங்கி, புளூடூத் வழியாகப் போன் திரையில் தமிழில் காட்டும். கேட்க மட்டும்தான் முடியும், திரும்பிப் பேச முடியாது.

கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறொன்று முன்பே வந்துவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காமோடு சேர்ந்து 2000களின் பிற்பகுதியில் சாதாரண பட்டன் போனுக்கே மீனவர்களுக்கான செயலியைச் செய்தது; இன்று அது ஆண்ட்ராய்டில் ‘ஃபிஷர் ஃபிரண்ட்’. காற்றின் வேகம், அலை உயரம், சர்வதேச எல்லைக்கோடு நெருங்கினால் எச்சரிக்கை. துண்டு துண்டாகக் கழலும் விலை உயர்ந்த எந்த போனும் இத்தனை பேருக்கு இப்படி உதவியதில்லை.

● கடைசியாக ஒன்று, கடலோரத்துக்காரர்களுக்கு. போன் பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் சோதிப்பது நல்ல தண்ணீரில்! உப்புத் தண்ணீர் அந்தக் கணக்கில் வராது.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடையில் போன வாரம் பார்த்தேன். வலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் பாலிதீன் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, மேலே ரப்பர் பேண்ட் என்று சுற்றியிருந்த போனை வெளியே எடுத்தார். பைக்குள்ளேயே நீர் கோத்திருந்தது. கடைக்காரத் தம்பி சிம் தட்டை இழுத்து உள்ளே டார்ச் அடித்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய சின்ன ஸ்டிக்கர் சிவந்திருந்தது. திரையைச் சூடேற்றித் தூக்கினால், சார்ஜிங் ஜாக்கைச் சுற்றிலும் பச்சை பூத்திருந்தது.

“அண்ணே, சார்ஜ் போட்டீங்களா?”

“அரிசில போட்டு வெச்சேன் தம்பி, ரெண்டு நாள். அப்புறம் சார்ஜ் போட்டேன்.”

“அரிசி தண்ணியக் குடிக்கும்ணே. உப்ப யாரு குடிப்பா?”

தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போர்டிலேயே தங்கிவிடுகிறது. கரண்ட் பாய்ந்ததும் அந்த உப்பே செம்பை அரித்துத் தின்கிறது. அரிசியில் போடாதீர்கள் என்று 2024இல் ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. தம்பி பழைய டூத் பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரத்தில் போன் கண் விழித்தது. முகப்புப் படத்தில் படகும் பேத்தியும்.

உங்கள் போன் கடல் தண்ணீரில் விழுந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அரிசி டப்பாவைத் திறக்காதீர்கள். அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள்.